நடு டப்பா

1.

இந்தக் கதை ஓர் உதவிப் பக்கமாகத்தான் பிறந்தது. முதலிலேயே சொல்லிவிடுகிறேன், பிறகு யாரும் ஏமாற்றிவிட்டான் என்று என்னைத் திட்டக்கூடாது. மிக்சி வாங்கினால் கூடவே ஒரு சின்னப் புத்தகம் வருமே, யாரும் பிரித்துப் பார்க்காமல் அட்டைப்பெட்டியோடு பரணில் தூக்கிப் போடுவார்களே, அதை எழுதுகிறவன் நான். என் வாசகர்கள் ஏதாவது கெட்டுப்போன பிறகுதான் என்னைத் தேடி வருவார்கள், அதுவும் கோபத்தோடு. அப்படிப்பட்டவர்களையே கடைசி வரி வரைக்கும் படிக்க வைக்கிறவன் என்பதால், எழுத்து விஷயத்தில் எனக்குத் தன்னடக்கம் கிடையாது.

வீட்டில் நெட் மெதுவாக இருந்தால் என்ன செய்வது என்று ஒரு ரவுட்டர் கம்பெனி என்னிடம் பக்கம் கேட்டது. எழுத உட்கார்ந்த அதே வாரத்தில் எங்கள் வீட்டு நெட் படுத்துக்கொண்டது. அந்தப் பக்கம் கொஞ்சம் கொஞ்சமாக வழி தவறி இப்படி ஆகிவிட்டது. எண்கள் மட்டும் பழக்க தோஷத்தில் நிற்கின்றன.

இடையிடையே சதுர அடைப்புக்குள் வருவது என் குரல் அல்ல. அது யார் என்பதை மூன்றாம் பகுதியில் சொல்கிறேன்.

[இப்போதே சொல்லலாம். வாசகரைக் காக்க வைக்க வேண்டாம்.]

சரி. அது என் மாமனார். ஓர் அச்சகத்தில் ஆயுள் முழுக்க மெய்ப்புப் பார்த்தவர். கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு படிப்பார். எங்களோடு இருக்க வந்ததிலிருந்து, நான் எழுதும் எதுவும் அவர் கை படாமல் வெளியே போவதில்லை. வாஷிங் மெஷின் புத்தகத்தில்கூட ஒற்றெழுத்துப் போட்டிருக்கிறார்.

2.

இதற்கு நான் எழுதி அடித்த தொடக்கங்கள்:

'அவளுடைய கை அந்தரத்தில் உறைந்து நின்றது.' நன்றாகத்தான் இருக்கிறது, ஆனால் அடுத்த வரியில் பேய் வரும்போல இருக்கிறது.

'ஒரு வீட்டில் மூன்று வெள்ளை டப்பாக்கள் இருந்தன. மூத்த டப்பா—' வேண்டாம்.

'நவீன மனிதனின் தனிமையை அளக்க வேகம் என்பதே ஒரு—'

[அடிக்கவும்.]

அடித்துவிட்டேன். நேராகவே சொல்கிறேன். என் மனைவி சைகை மொழிபெயர்ப்பாளர். மருத்துவர் பேசுவதைக் காது கேளாத நோயாளிக்குக் கையால் சொல்வாள், நோயாளி கையால் சொல்வதை மருத்துவருக்கு வாயால் சொல்வாள். இப்போது அந்த வேலை வீட்டிலிருந்தே, வீடியோவில் நடக்கிறது. குரல் கொஞ்சம் விட்டு விட்டு வந்தால் நாமெல்லாம் சமாளித்துக்கொள்வோம். கை விட்டு விட்டு வந்தால் என்ன ஆகும் என்று நான் அதுவரை யோசித்ததே இல்லை.

ஒரு கர்ப்பிணிப் பெண், முதல் பிரசவம். மருத்துவமனையில் யாரைக் கூட்டிவந்து நிறுத்தினாலும் தலையை ஆட்டிவிட்டு, என் மனைவிதான் வேண்டும் என்று பிடிவாதமாகக் கேட்டவள். ஒருநாள் மருத்துவர் அவளிடம், இரத்த அழுத்த மாத்திரையை இனிமேல் போட வேண்டாம் என்றார். என் மனைவி 'அந்த மாத்திரை' என்றாள், 'தினமும் போடுவது' என்றாள், கடைசியாகக் கையை வெட்டி 'நிறுத்து' என்றாள். அந்தப் பக்கத்துத் திரையில் 'தினமும்' என்பதோடு படம் உறைந்துபோனது. படம் மறுபடி அசைந்தபோது மருத்துவர் அடுத்த விஷயத்துக்குப் போயிருந்தார்.

அந்தப் பெண் மாலையில், மாத்திரை சாப்பாட்டுக்கு முன்பா பின்பா என்று கேட்டு ஒரு செய்தி அனுப்பினாள். அதனால் தப்பித்தோம். கேட்காமல் விழுங்கியிருந்தால்?

அன்று சாப்பாட்டு மேசையில் என் மனைவி தட்டைத் தொடவில்லை. "அவ என்னை நம்பி இருக்கா. நான் பாதி சொன்னதை முழுசுன்னு எடுத்துக்கிட்டா" என்று அழுதாள். மாமனார் எழுந்து போய் அவள் தலையில் கை வைத்தார். "அழாதம்மா. உன் தப்பு என்ன இருக்கு? அந்த நெட்காரனைச் சொல்லணும்" என்றார்.

மருத்துவமனை மரியாதையாகத்தான் எழுதியிருந்தது. வெள்ளிக்கிழமை அந்தப் பெண்ணுக்கு முக்கியமான பரிசோதனை இருக்கிறது, அன்றும் இப்படி ஆனால் வேறு ஏற்பாடு செய்துகொள்வோம் என்று. வேறு ஏற்பாடு என்றால் அந்தப் பெண் தலையை ஆட்டி அனுப்பிவிட்ட யாரோ ஒருவர்.

3.

இப்போது வீட்டைச் சொல்ல வேண்டும். ரயில் பெட்டி மாதிரி நீளமான வீடு. முன்னால் கூடம், அப்புறம் சமையலறை, அதற்கடுத்து மாமனாரின் அறை, கடைசியில் என் மனைவி வேலை செய்யும் அறை. நெட் கம்பெனி கூடத்துச் சுவரில் மாட்டிவிட்டுப் போன கறுப்புப் பெட்டிக்குக் கேட்வே என்று பெயர். தெருவிலிருந்து வரும் கம்பி அதற்குள்தான் நுழைகிறது. அதன் வைஃபை கடைசி அறைக்குப் போய்ச் சேருவதற்குள் மூச்சு வாங்கிவிடும் என்பதால் நான் ஒரு மெஷ் ரவுட்டர் வாங்கினேன், மூன்று வெள்ளை டப்பாக்கள். முதலாவது கேட்வேயோடு கம்பியில் இணைந்திருக்கும். அது நடு டப்பாவுக்குக் கொடுக்கும், நடு டப்பா கடைசி டப்பாவுக்குக் கொடுக்கும். சாமான் இறக்கும்போது ஆட்கள் வரிசையாக நின்று கை மாற்றுவார்களே, அப்படி.

நடு டப்பா இருப்பது மாமனாரின் அறையில். அவர் முதலில் அதைச் சந்தேகமாகப் பார்த்தார்.

"இது என்ன மாப்ளே, என்னைப் பாத்துக் கண்ணடிச்சுக்கிட்டே இருக்கு?"

"வேலை செய்யுதுன்னு அர்த்தம் மாமா."

"வேலை செய்யறவன் எதுக்குக் கண்ணடிக்கணும்?" என்றார். ஆனாலும் ஒரு வாரத்துக்குள் அதன் மேல் மூக்குக்கண்ணாடியை வைக்கப் பழகிவிட்டார்.

[இது உண்மை. ஆனால் கதைக்குத் தேவையா?]

தேவை.

4.

உதவிப் பக்கத்தில் என்னவெல்லாம் எழுதியிருந்தேனோ அத்தனையையும் செய்தேன். எல்லாவற்றையும் அணைத்துப் போட்டேன். லேப்டாப்பைத் தூக்கிக்கொண்டு கூடத்துக்குப் போய்க் கேட்வேயில் நேரே கம்பியைச் செருகி வேகம் பார்த்தேன். குதிரை மாதிரி ஓடியது. ஆகவே குற்றவாளி வெளியே இல்லை, வீட்டுக்குள்தான் இருக்கிறான் என்று துப்பறிவாளன் தோரணையில் அறிவித்தேன்.

உள்ளே ஒருவனைப் பிடிக்கவும் செய்தேன். மெஷ் வந்த பிறகும் கேட்வேயின் சொந்த வைஃபையை நான் அணைக்கவில்லை. போதாததற்கு, யாரும் புதிதாகக் கடவுச்சொல் அடிக்க வேண்டாமே என்று இரண்டுக்கும் ஒரே பெயர் வைத்திருந்தேன். அதனால் என் மனைவியின் லேப்டாப் பக்கத்திலேயே டப்பா இருக்க, கூடத்துக் கேட்வேயை விடாமல் பிடித்துத் தொங்கிக்கொண்டிருந்தது. கேட்வேயின் வைஃபையை நிறுத்தினேன். கேட்வேயும் மெஷ்ஷும் ஆளாளுக்கு வழி சொல்லிக் குழப்பிக்கொண்டிருந்தன. கேட்வேயிடம், நீ கம்பியை வாங்கி உள்ளே கொடுப்பதோடு நிறுத்திக்கொள், மற்றதை மெஷ் பார்த்துக்கொள்ளும் என்று அமைப்பை மாற்றினேன். கடைசி அறையில் வேகம் பார்த்தேன். அங்கேயும் குதிரை.

வெற்றி என்று நினைத்தேன். (இந்தக் கதை இங்கேயே முடிந்திருந்தால் கம்பெனிக்கு அனுப்பியிருப்பேன்.) அடுத்த அழைப்பிலேயே படம் உறைந்தது.

நெட் கம்பெனியிலிருந்து ஒருவர் வந்தார். மாமனார் அவரை விட்டு நகரவே இல்லை. நாற்காலியைப் போட்டு உட்கார்ந்து, அவர் எந்த ஒயரைத் தொட்டாலும் "அது எதுக்கு?" என்று கேட்டார். வந்தவர் கருவியை எல்லா அறைகளுக்கும் கொண்டுபோய்ப் பார்த்துவிட்டு, "சார், எல்லாம் ஜோரா இருக்கு. எனக்கே எங்க வீட்டுல இவ்வளவு வராது" என்று சொல்லிவிட்டுப் போனார். அவர் சொன்னது சரிதான். அவர் இருந்தவரைக்கும் எல்லாம் ஜோராகத்தான் இருந்தது.*

* இந்த வாக்கியத்தில் ஒரு துப்பு வைத்திருக்கிறேன். என் மாதிரி எழுத்தாளர்கள் துப்பு வைத்தால் அடிக்குறிப்புப் போட்டும் சொல்லிவிடுவோம்.

5.

இப்போது ஒரு பாத்திரத்தைப் பற்றி எனக்குச் சந்தேகம். மாமனாரைத்தான் சொல்கிறேன். இவரைக் கதையில் நன்றாகக் கொண்டுவர முடியவில்லை. கறாரானவர் என்று எழுதினால் சிடுசிடுப்பவர்போல் வருகிறது. அன்பானவர் என்று எழுதினால்—

[எழுத வேண்டாம்.]

—இவர் அடித்துவிடுகிறார். ஆகவே அவர் செய்வதை மட்டும் எழுதுகிறேன். அவர் உரக்கப் படிப்பார். அச்சகப் பழக்கம் அது. காற்புள்ளி வந்தால் "காற்புள்ளி" என்றும் சொல்வார். இருமினால் ஜன்னல் அதிரும். ஒருமுறை என் மனைவி அழைப்பில் இருந்தபோது இந்த இரண்டும் சேர்ந்து வந்தன. மருத்துவர் சொன்னது அவளுக்குக் கேட்கவில்லை. கதவைத் திறந்து, "அப்பா, கொஞ்ச நேரம் வெளில போயிட்டு வாங்களேன், ப்ளீஸ்" என்றாள். கோபமாகச் சொல்லவில்லை. அவசரத்தில் சொன்னாள்.

அன்றிலிருந்து அவள் அழைப்புக்குத் தயாராகத் தலை வாரத் தொடங்கினாலே இவர் செருப்பை மாட்டிவிடுவார். "ஒரு நடை நடந்துட்டு வரேன்" என்பார். முழங்கால் வலிக்காரர் எங்கே நடப்பது? எதிரே இருக்கும் பஸ் ஸ்டாப்பில் உட்கார்ந்திருப்பார். மாடிப்படி ஜன்னலிலிருந்து பார்த்திருக்கிறேன். ஒவ்வொரு பஸ்ஸும் அவருக்காக நிற்கும், இவர் கையைக் காட்டி அனுப்பிவைப்பார். டிரைவர்களுக்கெல்லாம் அவர் பழக்கமாகிவிட்டார்.

நான் என் பங்குக்கு, அவளுடைய வேகத்தில் ஒரு துளிகூடக் குறையக் கூடாதென்று, அழைப்பு முடியும்வரை என் போன், லேப்டாப் இரண்டையும் நெட்டிலிருந்து எடுத்துவிடுவேன். எங்கள் வீட்டில் அவளுக்கு உதவி செய்வதென்றால் ஒதுங்கிக்கொள்வதுதான். ஆளாளுக்கு ஒதுங்கிக்கொண்டோம்.

6.

கண்டுபிடித்த கதை சுருக்கமானது. உதவிப் பக்கத்தில் நான் எழுதியிருந்தேன்: 'எப்போது மெதுவாகிறதோ, அப்போதே சோதித்துப் பாருங்கள்.' மாமனார் அதற்குப் பக்கத்தில் ஒரு கேள்வி போட்டிருந்தார்.

[நம் வீட்டில் இதைச் செய்தோமா?]

எனக்கு அசடு வழிந்தது. அழைப்பு முடிந்த பிறகுதான் எப்போதும் பார்த்திருக்கிறேன். புதன்கிழமை என் மனைவி ஒரு தோழியோடு ஒத்திகை அழைப்பு வைத்தாள். இந்த முறை நான் ஒதுங்கவில்லை. போனில் மெஷ் ஆப்பைத் திறந்து வைத்துக்கொண்டு வீடு முழுக்க நடந்தேன். படம் உறைந்தது. ஆப்பில் முதல் டப்பாவும் கடைசி டப்பாவும் பச்சையாக இருந்தன, நடு டப்பா சிவப்பு. அதற்கு உயிர் இல்லை. கடைசி டப்பா பாவம், இடையில் ஆள் இல்லாமல், இத்தனை சுவர்களைத் தாண்டிக் கூடத்தை எட்டிப் பிடிக்கப் பார்த்துக்கொண்டிருந்தது. மாமனாரின் அறைக்குள் போனேன். நடு டப்பாவின் பிளக் லூசாக இருந்தது. அழுத்திச் செருகினேன். பிரச்சினை தீர்ந்தது.

[பிளக் லூஸ் இல்லை. அணைத்தது நான். சுவிட்ச் மேல் நீங்கள் ஒட்டிய டேப்பை நான் பார்க்கவில்லை என்று நினைத்தீர்களா? இந்தப் பகுதியைத் திருத்தி எழுதவும்.]

6. (திருத்தியது)

மாமனாரின் அறைக்குள் போனேன். மின்விசிறி, விளக்கு, ரேடியோ, நடு டப்பா, வரிசையில் இருந்த எல்லாச் சுவிட்சுகளும் அணைந்திருந்தன. அச்சகத்தில் கடைசி மெய்ப்பு வரும்வரை காத்திருந்துவிட்டுக் கடைசியாகக் கிளம்பியவர் இவர்தான். கிளம்பும்போது ஒரு சுவிட்சையும் விடாமல் அணைத்துவிட்டு வருவதும் இவர் வேலையாகத்தான் இருந்தது. இங்கேயும் அறையை விட்டு வெளியே போனால் கை தானாகவே வரிசையாகத் தட்டிவிடும். திரும்பி வந்ததும் வரிசையாகப் போட்டுவிடும்.

அவள் அழைப்பு நன்றாக நடக்க வேண்டும் என்றுதான் அவர் வெளியே போனார். வெளியே போனதால்தான் அழைப்பு கெட்டது. நெட்காரர் வந்த நாளில் அவர் வீட்டிலேயே இருந்தார், அதனால்தான் எல்லாம் ஜோராக இருந்தது.

ஒத்திகை முடிந்து வந்த மனைவியிடம் சுவிட்சைக் காட்டினேன். அவள் அப்பாவின் கட்டிலில் உட்கார்ந்துவிட்டாள்.

"அப்போ அந்த மாத்திரை..." என்றாள்.

"ஆமா."

"அவருக்குத் தெரியக் கூடாதுங்க. தாங்க மாட்டாரு. டேப் எதையாவது ஒட்டிடுங்க, போதும்."

"கேட்டா?"

"கேட்டா ஏதாவது சொல்லுங்க. கதை எழுதறவர்தானே நீங்க?"

ஒட்டினேன். அவர் கேட்கவில்லை. கேட்காததை நான் என் சாமர்த்தியம் என்று எடுத்துக்கொண்டேன். பிறகு இதை எழுதும்போது என்னிடம் இரண்டு வழிகள் இருந்தன. இவருக்குக் காட்டாமலே வெளியே அனுப்புவது, அல்லது பிளக் லூஸ் என்று எழுதிக் காட்டுவது. காட்டாமல் இருந்தால் ஏதோ இருக்கிறது என்று அப்போதே பிடித்துவிடுவார். காட்டினேன். அப்போதும் பிடித்துவிட்டார்.

[முதல் 'பிடித்துவிடுவார்' போதும்.]

இருக்கட்டும் மாமா. எனக்கு இரண்டும் வேண்டும்.

7.

வெள்ளிக்கிழமை. என் மனைவி தலை வாரிக்கொண்டிருந்தாள். மாமனார் செருப்பைத் தேடினார். அவள் சீப்போடு வந்து வாசலை மறித்து நின்றாள்.

"அப்பா, இன்னிக்கு நீங்க ரூம்லயே இருங்க."

"எதுக்கும்மா? எனக்கு இருமல் வருமே."

"வந்தா இருமுங்க."

"டாக்டர் என்ன நெனப்பாரு?"

"எங்கப்பா இருமறாருன்னு நெனப்பாரு. உள்ள போங்க."

டேப் ஒட்டியிருந்தாலும் அவளுக்குப் பயம். அவர் கைப்பழக்கத்தின் மேல் அவ்வளவு நம்பிக்கை. அவர் தன் அறையில், கட்டிலின் ஓரத்தில், துண்டை வாயருகே பிடித்துக்கொண்டு அழைப்பு முடியும்வரை அசையாமல் உட்கார்ந்திருந்தார். நடு டப்பா பக்கத்திலிருந்து கண்ணடித்துக்கொண்டிருந்தது. நான் இரண்டு அறைகளுக்கும் நடுவில் நின்றேன்.

படம் ஒருமுறைகூட உறையவில்லை. மருத்துவர் வேண்டியதையும் வேண்டாததையும் பேசினார், என் மனைவியின் கை எல்லாவற்றையும் முழுசாகக் கொண்டுபோய்ச் சேர்த்தது. குழந்தை நன்றாக இருந்தது, அழுத்தம் கட்டுக்குள் இருந்தது. அந்தப் பெண் எதையோ கையால் சொல்ல, என் மனைவி சிரித்துவிட்டு அதை மருத்துவருக்கு வாயால் சொன்னாள்: "பிரசவத்தப்பவும் இந்த அக்காவோட கைதான் எனக்குத் தெரியணும்னு சொல்றாங்க."

அடுத்த அறையில் மாமனார் அப்போதுதான் இருமினார். ஜன்னல் அதிர்ந்தது. யாரும் கண்டுகொள்ளவில்லை.

கதை இங்கே முடிகிறது என்று எழுதிக் கோடு போட்டுக் கொடுத்தேன். எனக்குப் பரம திருப்தி. பக்கங்களைத் திருப்பிக் கொடுத்தபோது அவர் என்னைப் பார்க்கவில்லை. இந்தப் பகுதியின் ஓரத்தில் எழுதியிருந்தார்.

[என்னை இருக்கச் சொன்னது டப்பாவுக்காகவா, எனக்காகவா? கதையில் தெளிவில்லை.]

8.

முழி பிதுங்கியது எனக்கு. இது ஒற்றெழுத்து இல்லையே, போட்டுச் சரிசெய்ய.

முடிவுகள் எழுதிப் பார்த்தேன். ஒன்றில் மகள் அப்பாவின் காலடியில் உட்கார்ந்து, 'உங்களுக்காகத்தான்ப்பா' என்கிறாள். பொய் என்று சொல்ல மாட்டேன், ஆனால் அவள் அப்படிப் பேசுகிறவள் இல்லை. கையால் வேலை செய்கிறவள், வாயால் சிக்கனக்காரி. இன்னொன்றில் அவர் மறுபடி பஸ் ஸ்டாப்புக்குப் போய், இந்த முறை நிற்கிற பஸ்ஸில் ஏறி— அதை முடிக்க எனக்கு மனம் வரவில்லை. மூன்றாவதில் நானே எழுந்து போய், 'ரெண்டுக்காகவும்தான் மாமா' என்று சமாதானம் சொல்கிறேன். அதை அவர் அடித்துவிடுவார், சரியாகவே அடிப்பார். வெள்ளிக்கிழமை அவள் மனதில் எது எவ்வளவு இருந்தது என்று எனக்குத் தெரியாது. தெரியாததை எழுத மாட்டேன். மிக்சிக்கே எழுதியதில்லை.

அந்தக் கேள்வி இருக்கும் பக்கத்தை மட்டும் எடுத்து என் மனைவியின் மேசையில், லேப்டாப்புக்கு அடியில் பாதி தெரியும்படி வைத்தேன். அவள் படித்தாளா என்று நான் கேட்கவில்லை. அவளும் சொல்லவில்லை.

ஆகவே முடிவு என்று எதையும் நான் எழுதப்போவதில்லை. அதற்குப் பதில், இப்போது இந்த வரியை எழுதிக்கொண்டிருக்கும்போது என் காதில் விழுந்ததை அப்படியே வைத்துவிட்டு எழுந்துவிடுகிறேன். மாமனார் இந்தப் பகுதியை இன்னும் பார்க்கவில்லை. ஞாயிற்றுக்கிழமை மதியம். அவள் அறையின் கதவு திறந்திருக்கிறது, லேப்டாப் மூடியிருக்கிறது. இன்றைக்கு அவளுக்கு அழைப்பு எதுவும் இல்லை, நாளைக்கும் இல்லை. காலையில் கூடத்துப் பிளக் எனக்கு வேறு வேலைக்குத் தேவைப்பட்டதால் முதல் டப்பாவை நானே கழற்றி வைத்திருக்கிறேன். அது இல்லாமல் மற்ற இரண்டும் வெறும் டப்பாதான், அது அவளுக்கும் தெரியும். மாமனாரின் அறையில் சுவிட்சுகள் வரிசையாக அணையும் சத்தம். டேப் ஒட்டிய ஒன்று மட்டும் மிச்சம். பிறகு செருப்புச் சத்தம், வாசல்வரைக்கும்.

பிறகு என் மனைவியின் குரல்.

"எங்க கிளம்பிட்டீங்கப்பா? இருங்களேன்."

செருப்புச் சத்தம் நின்றிருக்கிறது. நான் எழுந்து போய்ப் பார்க்கப் போவதில்லை. நீங்களே சொல்லுங்கள், இப்போது தெளிவாக இருக்கிறதா?